உங்க புரோகிராம் எத்தனை ஜூல் சாப்பிடுதுன்னு ஒழுங்கா அளக்குறது எப்படி

எங்க லேப்புக்கு புதுசா வர்ற எம்.இ. பசங்க, ஃபர்ஸ்ட் இயர் ஸ்காலர்ஸ் எல்லாரும் ஒரு மாசத்துக்குள்ள ஒரு கிராஃபை எடுத்துட்டு வந்துடுவாங்க, "அக்கா, என் கோடு பவரை 20 வாட் குறைச்சிடுச்சு"ன்னு. நான் கேக்குற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், எவ்ளோ நேரம் ஓடுச்சு? பாதி பேர்கிட்ட அதுக்கு பதில் இருக்காது. அடுப்பை சிம்ல வெச்சா கேஸ் மிச்சம்னு மூணு மணி நேரம் பருப்பை வேக வெச்சா சிலிண்டர் என்ன ஆகும்? வாட்ங்கிறது தீ எவ்ளோ பெருசா எரியுதுங்கிறது, ஜூல்ங்கிறது சிலிண்டர்ல இருந்து மொத்தம் எவ்ளோ போச்சுங்கிறது. எனர்ஜி எஃபிஷியன்சி ஆராய்ச்சின்னு உள்ள வந்துட்டா நாம எண்ண வேண்டியது ஜூல்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. சும்மா இருக்கும்போது 30 வாட் இழுக்குற ஒரு மெஷின். முதல் புரோகிராம் 50 வாட்ல 10 செகண்ட் ஓடுது, 500 ஜூல். ரெண்டாவது புரோகிராம் அதே வேலையை 70 வாட்ல 6 செகண்ட்ல முடிச்சிடுது, 420 ஜூல். அப்போ ரெண்டாவதுதான் ஜெயிச்சுதுன்னு தோணும், ஆனா அது முடிச்சதுக்கு அப்புறம் மெஷின் தூங்காம அந்த 4 செகண்டும் 30 வாட்லயே வெட்டியா நின்னுச்சுன்னா இன்னொரு 120 ஜூல் சேர்ந்து 540 ஆயிடும், இப்போ முதல் புரோகிராம்தான் மிச்சம். நிறைய மெஷினை ஒண்ணாக் கட்டி, கியூல அடுத்த ஜாப் காத்துட்டு இருக்குற கிளஸ்டர்னா ரெண்டாவதுதான் சரி, ஏன்னா அந்த 4 செகண்டை அடுத்த ஜாப் எடுத்துக்கும். ஒரே கோடு, ஒரே மெஷின், கேள்வியை எங்க நிறுத்துறோம்ங்கிறதைப் பொறுத்து விடை மாறுது. இது புரிஞ்சவங்களுக்கு இந்தத் துறையில பாதி குழப்பம் தீர்ந்துடும்.

பேட்டரியில ஓடுற குட்டி போர்டையும் ரூம் ரூமா நிக்குற சூப்பர் கம்ப்யூட்டரையும் ஏன் ஒரே ஆராய்ச்சியில கட்டிப் போடுறாங்கன்னு நிறைய பேர் கேப்பாங்க. 1974ல ஐபிஎம்ல இருந்த ராபர்ட் டென்னார்ட் குழு ஒண்ணு சொன்னாங்க, டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கினா வோல்ட்டேஜும் அதோட சேர்ந்து இறங்கும், அதனால அதே இடத்துக்கு அதே பவர்தான் ஆகும்னு. 2000களோட நடுவுல அது நின்னு போச்சு, வோல்ட்டேஜ் அதுக்கு மேல இறங்க மாட்டேன்னுடுச்சு, லீக்கேஜ், அதாவது டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போதும் கசியுற கரண்ட், ஏறிடுச்சு, அன்னையில இருந்து சின்ன சிப் பெரிய சிப் எல்லாத்துக்கும் சூடும் பவரும்தான் கட்டுப்பாடு. 2007 நவம்பர்ல வர்ஜீனியா டெக் ஆளுங்க கிரீன்500 பட்டியலை ஆரம்பிச்சாங்க, வேகத்தை மட்டும் பார்க்காம ஒரு வாட்டுக்கு எத்தனை கணக்குன்னு வரிசைப்படுத்துறதுக்கு. 2011ல பார்சிலோனா சூப்பர்கம்ப்யூட்டிங் சென்டர் முன்னால நின்னு மான்ட்-பிளாங்க் புராஜெக்ட்னு ஒண்ணு தொடங்குச்சு, போன்ல இருக்குற ஆர்ம் சிப்பை வெச்சே சூப்பர் கம்ப்யூட்டர் கட்ட முடியுமான்னு நிஜமாவே போர்டை அடுக்கிப் பார்த்தாங்க. அப்போ அது நடக்காத காரியம் மாதிரி தெரிஞ்சுது, ஆனா ஃபுஜிட்சு பண்ண ஆர்ம் சிப்போட ப்ரோட்டோடைப் 2019 நவம்பர்ல கிரீன்500ல முதல் இடத்துக்கு வந்துச்சு, அதே சிப் இருக்குற ஜப்பானோட ஃபுகாகு 2020ல வேகத்தை வெச்சு வரிசைப்படுத்துற டாப்500 பட்டியல்லயும் முதல் இடம். எக்ஸாஸ்கேல், அதாவது செகண்டுக்கு ஒண்ணுக்குப் பின்னாடி 18 சைபர் போட்ட அளவு கணக்குப் போடுற மெஷின்னா, 20 மெகாவாட் பக்கத்துல அடங்கணும்னு ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருந்த இடத்துக்கு ஓக் ரிட்ஜ்ல இருக்குற ஃபிரான்டியர் 2022ல சுமார் 21 மெகாவாட்ல வந்து சேர்ந்துச்சு, வாட்டுக்கு 52 கிகாஃப்ளாப்ஸ், அதாவது செகண்டுக்கு 5,200 கோடி கணக்கு. 2024ல ஜெர்மனி யூலிஷ்ல இருக்குற ஜெடி அதை 72 தாண்டிக் கொண்டு போச்சு. அதனால கீழ சொல்றது ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தும், மீட்டர் மட்டும்தான் வேற.

அளக்குறதுக்கு முன்னாடி மெஷினை அடக்குங்க

ஐடில் அளவு இல்லாம எந்த அளவும் எடுக்காதீங்க. மெஷினை பூட் பண்ணி, பத்து நிமிஷம் விட்டு, ஒண்ணும் ஓடாம இருக்கும்போது அஞ்சு நிமிஷம் அளந்து எழுதி வையுங்க. அப்டேட் ஓடுதா, பிரவுசர் திறந்திருக்கா, டெஸ்க்டாப் ஸ்கிரீன் ரெண்டாவது மானிட்டர்ல இருக்கா, எல்லாத்தையும் மூடுங்க, முடிஞ்சா ஸ்கிரீனே இல்லாம எஸ்எஸ்எச்ல மட்டும் உள்ள போங்க.

அடுத்தது ஃப்ரீக்வென்சி. லினக்ஸ்ல பிராசஸர் வேகத்தை முடிவு பண்ற கவர்னரை அப்படியே விட்டா ஒரு ரன் 3 கிகாஹெர்ட்ஸ்ல, அடுத்த ரன் வேற எதுலயோ ஓடும், ரெண்டையும் ஒப்பிட்டுட்டு உங்க அல்காரிதம் நல்லாருக்குன்னு நீங்களே நம்பிடுவீங்க. சிபியுபவர் கமாண்டால ஃப்ரீக்வென்சியை ஒரு இடத்துல நிறுத்துங்க, சிப் தானா வேகத்தை ஏத்திக்கிற டர்போவை அணைச்சிடுங்க, டாஸ்க்செட் போட்டு புரோகிராமை இந்த கோர்லதான் ஓடணும்னு கட்டிப் போடுங்க. டர்போவோட நிஜ நிலைமையைத்தான் அளக்கணும்னா அளங்க, தப்பில்ல, ஆனா அதை ஒரு தனி பரிசோதனையா பண்ணுங்க.

சூடு விஷயம் நம்ம ஊர்ல சும்மா விடுற விஷயம் இல்ல. சிலிக்கான் சூடானா லீக்கேஜ் கரண்ட் ஏறும், அதனால ஏசி ஓடுற காலையில எடுத்த ரீடிங்கும், சாயங்காலம் ஏசி அணைச்சப்புறம் எடுத்த ரீடிங்கும் ஒண்ணா இருக்காது. மே மாசத்துல நாங்க ஒரே கோடை காலையிலயும் மத்தியானமும் ஓட்டிப் பார்த்து, வித்தியாசம் எங்க பேப்பர்ல நிரூபிக்க நினைச்ச முன்னேற்றத்தை விடப் பெருசா வந்து, அந்த மாச டேட்டா முழுக்க ஓரமா வெச்சிட்டு திரும்ப எடுத்தோம். அப்போல இருந்து ரூம் டெம்பரேச்சரும் சிப் டெம்பரேச்சரும் ஒவ்வொரு ரன்னுக்கும் டேபிள்ல ஒரு தனி நெடுவரிசையில போயிடும். ராஸ்பெர்ரி பை மாதிரி போர்டு 80 டிகிரி தாண்டினா தானா வேகத்தைக் குறைச்சுக்கும், குறைச்சுதான்னு கேக்குறதுக்கு தனி கமாண்டே இருக்கு, ஒவ்வொரு ரன் முடிவுலயும் அதைக் கேட்டு லாக்ல போடுங்க. முதல் ரெண்டு மூணு ரன்னை எப்பவும் தூக்கிப் போட்டுடுங்க, கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்குற குட்டி மெமரி) நிரம்பி சிப் ஒரு சீரான சூட்டுக்கு வர்றதுக்குத்தான் அது.

சர்வர், டெஸ்க்டாப்: சிப்புக்குள்ளயே ஒரு மீட்டர்

இன்டெல் 2011ல சாண்டி பிரிட்ஜோட ராப்ல்னு ஒண்ணு குடுத்தாங்க, பிராசஸர் தான் எவ்ளோ எனர்ஜி எடுத்துதுன்னு தானே எண்ணி வெச்சுக்குற கவுண்டர். ஏஎம்டி ஜென் சிப்புலயும் இதே மாதிரி இருக்கு. லினக்ஸ்ல சிஸ் ஃபோல்டருக்குள்ள பவர்கேப்னு தேடினா எனர்ஜின்னு ஒரு ஃபைல் வரும், அதுக்குள்ள மைக்ரோஜூல்ல ஒரு எண் இருக்கும். புரோகிராமுக்கு முன்னாடி ஒரு தடவை படிங்க, முடிஞ்சதும் ஒரு தடவை படிங்க, கழிங்க, பத்து லட்சத்தால வகுங்க, ஜூல் வந்துடும். இல்லன்னா லினக்ஸோட பெர்ஃப் ஸ்டாட் கமாண்டுல பவர் ஈவென்ட்டைக் குடுத்தா அதுவே பண்ணிடும்.

கேக்க சுலபமா இருக்கு, ஆனா இதுல நாலு குழி இருக்கு. ரூட் பர்மிஷன் இல்லாம படிக்க முடியாது, 2020ல பிளாட்டிபஸ்னு ஒரு தாக்குதலை காட்டினாங்க, இந்தக் கவுண்டரை மட்டும் பார்த்தே கிரிப்டோ கீயைக் கண்டுபிடிக்க முடியும்னு, அதுக்கப்புறம் லினக்ஸ்ல சாதாரண யூசருக்கு இதை மூடிட்டாங்க, அதனால காலேஜ் சர்வர்ல அட்மின்கிட்ட முன்கூட்டியே கேட்டு வாங்குங்க. ரெண்டாவது, கவுண்டர் நிரம்பினா ஜீரோவுக்குப் போயிடும். நிறைய மெஷின்ல அந்த உச்சம் சுமார் 2,62,000 ஜூல், 100 வாட்ல ஓடினா 43 நிமிஷத்துல சுத்தி வந்துடும், ராத்திரி முழுக்க ஓட்டிட்டு காலையில ஒரு தடவை படிச்சா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல. உச்சம் என்னன்னு பக்கத்துலயே இன்னொரு ஃபைல்ல இருக்கும், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் நிமிஷத்துக்கு ஒரு தடவை படிச்சு, முந்தினதை விடக் குறைஞ்சிருந்தா உச்சத்தைக் கூட்டிக்கணும்.

மூணாவது, கவுண்டர் சுமார் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் அப்டேட் ஆகும். 50 மைக்ரோசெகண்ட் ஓடுற ஃபங்ஷனை ஒரு தடவை கூப்பிட்டு அளந்தா ஜீரோ வரும், இல்லன்னா பக்கத்து வேலையோட கணக்கு வரும். அதை ஒரு லூப்ல போட்டு மொத்தம் சில செகண்ட் ஓடுற மாதிரி பண்ணி வகுத்துக்கணும், அதே சமயம் கம்பைலர் "இந்த ரிசல்ட்டை யாரும் யூஸ் பண்ணலையே"ன்னு லூப்பையே தூக்கிடாம பார்த்துக்கணும், ரிசல்ட்டைக் கடைசியில பிரிண்ட் பண்ணினாப் போதும். நாலாவதுதான் முக்கியம், இந்தக் கவுண்டர் பிராசஸர் பேக்கேஜையும் சில மெஷின்ல மெமரியையும் மட்டும்தான் பார்க்கும். ஃபேன், டிஸ்க், நெட்வொர்க் கார்டு, பவர் சப்ளையில சூடாப் போறது எதுவும் இதுல வராது. ஒரு பிளக் மீட்டரை வாங்கி சுவத்துல மாட்டி அதையும் பக்கத்துலயே எழுதுங்க, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி எவ்ளோன்னு பார்த்தாலே மெஷின்ல மீதி கரண்ட் எங்க போகுதுன்னு ஒரு ஐடியா வந்துடும்.

கிளவுட் மெஷின்ல பெரும்பாலும் இது கிடைக்காது. என்விடியா ஜிபியுன்னா வோல்டா தலைமுறையில இருந்து மொத்த எனர்ஜியை மில்லிஜூல்ல எண்ணுற கவுண்டர் இருக்கு, என்விஎம்எல் லைப்ரரி வழியா படிக்கலாம், அப்பப்போ வாட்டைக் கேட்டு நீங்களே கூட்டுறதை விட அது மேல்.

போர்டுல அளக்குறது

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது. என்விடியாவோட ஜெட்சன் மாதிரி சில போர்டுல அளக்குற சிப் ஏற்கனவே இருக்கும், மத்ததுக்கு நாம மாட்டணும். கம்மி விலையில கிடைக்குறது ஐஎன்ஏ219 மாட்யூல். அதுல 0.1 ஓம்ல ஒரு ஷன்ட் ரெசிஸ்டர் இருக்கும், சப்ளையில இருந்து போர்டுக்குப் போற பிளஸ் ஒயரை வெட்டி நடுவுல இதை மாட்டணும், ரெசிஸ்டர்ல விழுற வோல்ட்டேஜைப் பார்த்து அது கரண்ட்டைச் சொல்லும், ஐ2சிங்கிற ரெண்டு ஒயர் இணைப்பு வழியா நாம படிச்சுக்கலாம். கிரவுண்டு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், நிறைய பேர் இதை விட்டுட்டு ரீடிங் குதிக்குதுன்னு ரெண்டு நாள் தேடுவாங்க.

அளக்கப்படுற போர்டுலயே லாக் எழுதாதீங்க. ரீடிங் எடுக்குறதுக்கும் எஸ்டி கார்டுல எழுதுறதுக்கும் அதுவே கரண்ட் எடுக்கும், உங்க புரோகிராமோட கணக்குல அது கலந்துடும். இன்னொரு போர்டு தனியா நின்னு அளக்கட்டும். அப்போ வேலை எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிஞ்சுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அளக்கப்படுற போர்டுல ஒரு ஜிபிஐஓ பின்னை (புரோகிராம்ல இருந்தே ஒன், ஆஃப் பண்ணக்கூடிய பின்) எடுத்து, வேலை ஆரம்பிக்கிற வரிக்கு முன்னாடி ஒன் பண்ணுங்க, முடிஞ்ச வரிக்கு அப்புறம் ஆஃப் பண்ணுங்க, அந்த பின்ல இருந்து ஒரு ஒயர் லாகர் போர்டுக்கு. லாகர் அந்த பின் ஹையா இருக்குற நேரத்துல மட்டும் வோல்ட்டேஜ், கரண்ட், ரெண்டு ரீடிங்குக்கு நடுவுல போன நேரம் மூணையும் பெருக்கிக் கூட்டிட்டே வரும். முதல் தடவை அந்த கிராஃபைப் பார்க்கும்போது, பின் ஏறின இடத்துல கரண்ட் ஏறி, சென்சார் படிக்கிறது ஒரு படி, வைஃபை எழுந்திருக்கிறது ஒரு பெரிய கொம்பு, அனுப்பி முடிச்சு சரிஞ்சு கீழ வர்றதுன்னு கோடு கோடா உங்க புரோகிராம் கண்ணு முன்னாடி தெரியும், ஒரு வருஷமா டெர்மினல்ல பார்த்த கோடுதானான்னு இருக்கும்.

இப்போ ஒரு எச்சரிக்கை. ஐஎன்ஏ219ல ஷன்ட் வோல்ட்டேஜை 10 மைக்ரோவோல்ட் படியிலதான் பார்க்க முடியும், 0.1 ஓம்ல அது 100 மைக்ரோஆம்ப். வைஃபையோட வர்ற இஎஸ்பி32 சிப், பெரும்பகுதியை அணைச்சிட்டுத் தூங்குற டீப் ஸ்லீப்ல எடுக்குறதே 10 மைக்ரோஆம்ப் சுமார். அதாவது இந்த மீட்டருக்கு டீப் ஸ்லீப் கண்ணுக்கே தெரியாது, ஜீரோன்னு காட்டும், நீங்களும் ஸ்லீப்ல கரண்ட்டே போகலைன்னு எழுதிடுவீங்க. சரி ஷன்ட்டைப் பெருசாக்கி 10 ஓம் போடுவோம்னு போட்டா ஒரு மைக்ரோஆம்ப் வரைக்கும் தெரியும்தான், ஆனா வைஃபை 240 மில்லிஆம்ப் இழுக்கும்போது ரெசிஸ்டர்லயே 2.4 வோல்ட் விழுந்து போர்டு ரீசெட் ஆகும். ஒரே ஷன்ட்டால ரெண்டு முனையையும் பிடிக்க முடியாது. தானா ரேஞ்ச் மாத்திக்கிற நார்டிக் பவர் ப்ரொஃபைலர் கிட் மாதிரி கருவி இதுக்குத்தான் இருக்கு, லேப்புக்கு ஒண்ணு வாங்கச் சொல்லி கைடுகிட்ட கேளுங்க, அது நியாயமான செலவு. கிடைக்காதவங்க ஸ்லீப்பையும் முழிச்சிருக்கிறதையும் ரெண்டு தனி பரிசோதனையாப் பிரிச்சுக்கோங்க. முழிச்சிருக்கிறதுக்கு ஐஎன்ஏ219. ஸ்லீப்புக்கு நல்ல மல்டிமீட்டர்ல மைக்ரோஆம்ப் ரேஞ்ச், ஆனா போர்டு பூட் ஆகி தூங்கப் போற வரைக்கும் மீட்டரோட ரெண்டு முனையையும் ஒரு ஜம்பரால ஷார்ட் பண்ணி வெச்சிருந்து, தூங்கினதுக்கு அப்புறம் ஜம்பரை எடுக்கணும்.

எங்களுக்கு நடந்த ஒண்ணைச் சொல்றேன். தோட்டத்துல மண் ஈரம் பார்க்குற ஒரு நோட் பண்ணினோம், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை 3 செகண்ட் முழிச்சு சராசரியா 100 மில்லிஆம்ப் எடுக்கும், மீதி நேரம் டீப் ஸ்லீப். 600 செகண்ட்ல 3 செகண்ட்னா சராசரி அரை மில்லிஆம்ப், நாலு பென்சில் செல் சுமார் 2500 மில்லிஆம்ப் அவர், 5000 மணி நேரம், 200 நாள் தாங்கும்னு புரபோசல்லயே எழுதியாச்சு. பத்து நாள்ல செத்துப் போச்சு. கோடை வரி வரியாப் பார்த்தோம், சென்சாரைச் சந்தேகப்பட்டோம், புது செல் போட்டோம், மறுபடியும் பத்து நாள். கடைசியில ராத்திரி லேப் லைட்டை அணைக்கும்போதுதான் பார்த்தேன், தூங்கிட்டு இருக்குற போர்டுல பவர் எல்இடி சிவப்பா எரிஞ்சிட்டு இருக்கு. அது ரெண்டு மூணு மில்லிஆம்ப். அது போக போர்டுல வோல்ட்டேஜை இறக்கிச் சீராக் குடுக்குற 1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லிஆம்ப் எடுக்கும். சிப் தூங்குது, போர்டு தூங்கல. 8 மில்லிஆம்ப் நாள் முழுக்கப் போனா 2500 எத்தனை நாள் வரும், பதிமூணு நாள்தான், அதுலயும் செல் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினதும் அந்த ரெகுலேட்டர் கைவிட்டுடும். டேட்டாஷீட்ல சிப்போட எண்ணை எடுத்து சிஸ்டத்தோட ஆயுளைக் கணக்குப் போடாதீங்கன்னு நான் ஜூனியர்ஸ்கிட்ட திரும்பத் திரும்ப சொல்றதுக்கு இதுதான் காரணம். எல்இடியை சோல்டரிங் அயர்ன் வெச்சு எடுத்தோம், சும்மா இருக்க எடுக்குற கரண்ட் (குயசென்ட் கரண்ட்) குறைவா இருக்குற ரெகுலேட்டர் மாத்தினோம், அதுக்கப்புறம் நோட் மாசக்கணக்குல ஓடுச்சு, கோடுல ஒரு வரி கூட மாத்தல.

எங்க குறைக்கலாம்

அளக்கத் தெரிஞ்சப்புறம்தான் இந்தப் பக்கம் வரணும். எல்லாரும் முதல்ல கணக்கு போடுற இடத்தைக் குறைக்கப் போவாங்க, ஆனா எனர்ஜி போறது டேட்டாவைத் தூக்கிட்டு நடக்குறதுல. ஸ்டான்ஃபோர்டோட மார்க் ஹாரோவிட்ஸ் 2014ல காட்டின கணக்கு இன்னைக்கும் எங்க லேப் சுவத்துல ஒட்டியிருக்கு: 45 நானோமீட்டர் சிப்புல 32 பிட் ஃப்ளோட் பெருக்கல் ஒண்ணுக்கு 3.7 பிகோஜூல், கூட்டலுக்கு 0.9, 8 கேபி கேஷ்ல இருந்து 64 பிட் எடுக்க 10, அதையே டிராம்ல (சிப்புக்கு வெளிய இருக்குற மெயின் மெமரி) போய் எடுத்துட்டு வர 1300ல இருந்து 2600 பிகோஜூல். இன்னைய சிப்புல எண்கள் மாறியிருக்கும், அந்த இடைவெளியோட கதை மாறல. ஒரு சமையலுக்கு கடுகுக்கு ஒரு தடவை, உப்புக்கு ஒரு தடவைன்னு டவுனுக்குப் போய்ட்டு வந்தா எப்படி இருக்கும், அதைத்தான் மோசமா எழுதின லூப் பண்ணுது.

சியில 2000க்கு 2000 மேட்ரிக்ஸ் பெருக்கல் எழுதுங்க, எண்ணெல்லாம் டபுள், அதாவது ஒண்ணுக்கு 8 பைட், புத்தகத்துல இருக்குற மாதிரி ஐ, ஜே, கே வரிசையில மூணு லூப். உள் லூப்புல ரெண்டாவது மேட்ரிக்ஸை மேலேந்து கீழ நெடுக்கா படிக்கிறீங்க, ஒரு வரிசை 16,000 பைட், அப்போ ஒவ்வொரு எண்ணுக்கும் 16,000 பைட் தாண்டிக் குதிக்குது, ஒவ்வொரு தடவையும் 64 பைட் கேஷ் லைன் ஒண்ணு வந்து அதுல 8 பைட்டை மட்டும் எடுத்துட்டு மீதி வீணாப் போகுது. இப்போ ஜேயையும் கேயையும் மட்டும் இடம் மாத்துங்க. அதே பெருக்கல், அதே கூட்டல், எண்ணிக்கையில ஒண்ணு கூட குறையல, ஆனா இப்போ எல்லாம் குறுக்கா வரிசையாப் படிக்குது, வந்த 64 பைட்டும் பயன்படுது. ரெண்டையும் ராப்ல் வெச்சு அளந்து பாருங்க, கூடவே பெர்ஃப்ல கேஷ் மிஸ் எண்ணிக்கையும் எடுங்க. எங்க லேப்ல சேர்றவங்களுக்கு முதல் வாரத்துல குடுக்குற வேலை இதுதான், இதைப் பண்ணினவங்க அப்புறம் எந்த கோடைப் பார்த்தாலும் டேட்டா எங்கேந்து வருதுன்னுதான் முதல்ல பார்ப்பாங்க. ஒரு விஷயம், ரெண்டையும், கம்பைலர் கோடை நல்லா வேகப்படுத்துற ஓ3 ஃபிளாக்லதான் கம்பைல் பண்ணணும். பழசை எதையும் வேகப்படுத்தாத ஓ0லயும் புதுசை ஓ3லயும் விட்டு 80 சதவீதம் மிச்சம்னு எழுதினா அது கம்பைலர் பண்ண வேலை. அப்புறம் சில கம்பைலர் ஃபிளாக் போட்டா லூப்பை அதுவே இடம் மாத்திடும், ரெண்டுக்கும் ஒரே எண் வந்தா அதைத்தான் சந்தேகப்படணும்.

ஃப்ரீக்வென்சிக்கு வருவோம். டைனமிக் பவர்ங்கிறது கெப்பாசிட்டன்ஸ், வோல்ட்டேஜ் ஸ்கொயர், ஃப்ரீக்வென்சி மூணோட பெருக்கல். ஃப்ரீக்வென்சியை மட்டும் பாதியாக்கினா பவர் பாதி, நேரம் ரெண்டு மடங்கு, ஜூல் அதேதான். லாபம் வர்றது வோல்ட்டேஜ்ல, 1.2ல இருந்து 0.9க்கு இறக்கினா ஒரு வேலைக்கு ஆகுற டைனமிக் எனர்ஜி 44 சதவீதம் குறையும். ஆனா மெதுவா ஓட ஓட லீக்கேஜும் மெமரியும் மதர்போர்டும் அவ்ளோ நேரம் எரியும், அதனால ஒரு கட்டத்துக்குக் கீழ இறக்கினா மொத்த ஜூல் திரும்ப ஏற ஆரம்பிக்கும். உங்க மெஷின்ல குறைஞ்ச ஃப்ரீக்வென்சியில இருந்து உச்சம் வரைக்கும் ஒவ்வொரு படியிலயும் நிறுத்தி புரோகிராமை ஓட்டி ஜூலை கிராஃப் போடுங்க, கிண்ணம் மாதிரி ஒரு வளைவு வரும், அடிமட்டம் எங்கன்னு யாரும் சொல்லித் தர முடியாது, மெஷினுக்கு மெஷின், புரோகிராமுக்கு புரோகிராம் மாறும். மெமரிக்காகவே காத்துட்டு இருக்குற புரோகிராமுக்கு அந்த அடிமட்டம் இடது பக்கம், அதாவது குறைஞ்ச ஃப்ரீக்வென்சி பக்கம், தள்ளி இருக்கும், ஏன்னா பிராசஸர் வேகமா ஓடினாலும் டிராம்ல இருந்து வர்றது அதே வேகத்துலதான் வரும், சும்மா வேகமா காத்திருக்குறதுக்கு எதுக்கு வோல்ட்டேஜ். மைக்ரோகன்ட்ரோலர்ல பல சமயம் நேர் எதிர், உச்ச வேகத்துல முடிச்சிட்டு டீப் ஸ்லீப்புக்கு ஓடிடுறது நல்லது, ஏன்னா அங்க தூங்குறதுக்கு ஆகுற செலவு ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கீழ. மேல சொன்ன 500, 420 ஜூல் கணக்குதான் இது, வெட்டியா நிக்குற 30 வாட்டை ஜீரோ பக்கம் கொண்டு போக முடிஞ்சா வேகமா முடிக்கிறது ஜெயிக்கும்.

பிட்டைக் குறைக்கிறதும் நல்ல வழி. டபுள் தேவையே இல்லாத இடத்துல ஃப்ளோட் போட்டா மெமரியில நடக்குற டேட்டா நேர் பாதி. எட்டு பிட் இன்டிஜர்ல ஓட முடியுற நியூரல் நெட்வொர்க்னா இன்னும் குறையும், ஹாரோவிட்ஸோட அதே பட்டியல்ல எட்டு பிட் கூட்டல் 0.03 பிகோஜூல்தான். ஈடிஎச் சூரிச்சும் போலோன்யா பல்கலைக்கழகமும் 2013ல இருந்து பல்ப்னு ஒரு ஓப்பன் பிளாட்ஃபார்ம் பண்றாங்க, குறைஞ்ச வோல்ட்டேஜ்ல ஓடுற ரிஸ்க்-ஃபைவ்ங்கிற ஓப்பன் இன்ஸ்ட்ரக்ஷன் செட்ல ஓடுற குட்டி கோர்களைச் சேர்த்து வெச்சு, ஹார்டுவேர் பக்கம் ஆர்வம் இருக்குறவங்க அதோட கோடை எடுத்துப் படிங்க. நம்ம பக்கத்துலயே ஐஐடி மெட்ராஸோட சக்தி பிராசஸரும் ஓப்பன் சோர்ஸ்தான், சர்க்யூட்டை நாமே மாத்தி எழுதக்கூடிய எஃப்பிஜிஏ சிப்புல போட்டு உள்ள கை வெச்சுப் பார்க்கலாம், மூடின சிப்புல இந்த சுதந்திரம் கிடைக்காது. ஆனா பிட்டைக் குறைச்சா விடையோட துல்லியமும் போகும், ஜூல் பக்கத்துலயே எர்ரர் எவ்ளோன்னு ஒரு நெடுவரிசை கட்டாயம் வேணும்.

பேப்பர்ல எழுதும்போது

ஒரு ரன்னோட எண்ணை எழுதாதீங்க, குறைஞ்சது முப்பது ரன், மீடியனும் பரவலும் குடுங்க. எங்க அளந்தீங்கன்னு ஒரு வரி தெளிவா இருக்கணும், பேக்கேஜ் மட்டுமா, போர்டு முழுக்கவா, சுவத்து பிளக்கா. ஒருத்தரோட ராப்ல் எண்ணையும் இன்னொருத்தரோட பிளக் மீட்டர் எண்ணையும் ஒரே டேபிள்ல பக்கத்துல வெச்சு ஒப்பிடுறது தப்பு, ரெண்டும் வேற வேற வீட்டோட கரண்ட் பில். கிரீன்500லயே சிஸ்டத்துல எவ்ளோ பங்கை, எவ்ளோ நேரம் அளந்தாங்கங்கிறதை வெச்சு மூணு லெவல் பிரிச்சிருக்காங்க, எல்லாத்தையும் ஒண்ணாப் பார்க்கக் கூடாதுன்னுதான். ஜூலை மட்டும் சொன்னா ரொம்ப மெதுவா ஓடுற கோடு ஜெயிக்கிற மாதிரி தெரியலாம், அதனால ஜூலையும் நேரத்தையும் பெருக்கி வர்ற எனர்ஜி டிலே ப்ராடக்டையும் சேர்த்துக் குடுங்க. போர்டு மாடல், கர்னல் வெர்ஷன், கம்பைலர் ஃபிளாக், ரூம் டெம்பரேச்சர் எல்லாம் ஒரு சின்ன டேபிள்ல. ஸ்கிரிப்டையும் ரா டேட்டாவையும் வெளிய போடுங்க, வேற ஊர்ல ஒரு ஸ்டூடன்ட் அதை ஓட்டிப் பார்த்து வேற எண் வருதேன்னு மெயில் போட்டா பயப்படாம உக்காந்து ஏன்னு பாருங்க, எங்களுக்கு அப்படி வந்த ஒரு மெயில்லதான் டர்போ அணையாம இருந்தது தெரிஞ்சுது.

கடைசியா மீட்டரையே சோதிக்கிற வேலை, உண்மையில இதை முதல் நாளே பண்ணணும். 47 ஓம்ல ரெண்டு வாட் ரெசிஸ்டர் ஒண்ணு வாங்குங்க, சில ரூபாதான். மல்டிமீட்டர்ல அதோட நிஜ ஓம் எவ்ளோன்னு பார்த்துட்டு, 5 வோல்ட் சப்ளையில ஐஎன்ஏ219க்கு அப்புறம் போர்டுக்குப் பதிலா இதை மாட்டுங்க. 106 மில்லிஆம்ப் பக்கத்துல வரணும், அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேல. ஒரு நிமிஷம் விட்டா உங்க ஸ்கிரிப்ட் 32 ஜூல் சுமாரா கூட்டிக் காட்டணும். 40 வந்தாலோ 25 வந்தாலோ ஒயரிங், கேலிபிரேஷன் ரிஜிஸ்டர், நேரக் கணக்கு மூணுல ஒண்ணு தப்பு, அது சரியாகுற வரைக்கும் போர்டை மாட்டாதீங்க. எங்க லேப்ல அந்த ரெசிஸ்டரை மீட்டர் டப்பா மூடியிலயே டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கோம், பக்கத்துல மார்க்கர்ல அதோட நிஜ ஓம் 46.8ன்னு எழுதியிருக்கு, யார் மீட்டரை எடுத்தாலும் முதல்ல அதை மாட்டி ஒரு நிமிஷம் ஓட்டிட்டு வந்த ஜூலை நோட்டுல தேதி போட்டு எழுதிட்டுத்தான் தங்களோட போர்டைக் கையில எடுப்பாங்க.